பங்களாவுக்குத் தெரிந்த மழை

பாலைநிலத்தில் எழும் ஆடம்பர வீடுகளைப் பற்றி எழுதும் கட்டடக்கலை இதழ்கள் ஒரே பாராட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: வீடு நிலத்துக்குப் பணிந்து நிற்கிறது என்று. அரிசோனாவில் ஃபிராங்க் லாயிட் ரைட் 1937இல் தொடங்கிய டாலியசின் வெஸ்ட், அந்தப் பாலையின் கற்களையே அள்ளிச் சுவராக வார்த்துக்கொண்டது. 1940களில் பாம் ஸ்பிரிங்ஸில் ரிச்சர்ட் நொய்ட்ரா கட்டிய கோஃப்மன் வீடு கண்ணாடிக் கதவுகளை ஒதுக்கிவிட்டு எதிரே நிற்கும் மலையைக் கூடத்துக்குள் அழைத்தது. ஜெய்சல்மேர் வணிகர்களோ இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே முற்றத்தையும் சல்லடைபோல் துளைத்த கல் சாளரத்தையும் வைத்து வெயிலை வடிகட்டிவிட்டார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், வெளிச்சம் எப்போது உறைக்கும், கண் எவ்வளவு தூரம் போகும் என்று படித்த பிறகு கட்டிய வீடுகள் இவை. இலங்கை மலைநாட்டு லிந்துலையில் வாழ்பவருக்கு இந்தப் பாராட்டு ஒன்றும் புதிதில்லை. அவர் தோட்டத்து மேட்டில் அப்படியொரு வீடு மூன்று நான்கு தலைமுறையாக நின்றுகொண்டிருக்கிறது. பெயர் பங்களா.

பாலை எங்கே, அக்கரப்பத்தனை வீதியில் ஆனி ஆடியில் விடாமல் கொட்டும் மழை எங்கே என்று கேட்கலாம். ஆனால் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் லிந்துலை அடங்கிய திம்புள்ளப் பகுதி ஒருமுறை பாலையாகித்தான் தேயிலையானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட முடியாத காடுகளை அரசின் சொத்தாக்கியது. அரசு அவற்றை ஏக்கர் கணக்கில் விற்றது. வாங்கியவர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீ வைத்தார்கள். கருகிய அடிக்கட்டைகளுக்கு நடுவே கோப்பி நட்டார்கள். 1869இல் இலையில் துரு கண்டது, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பியும் போயிற்று. இன்று பசுமை என்று படம் எடுத்துக்கொள்ளும் மலைகள் ஒரு காலத்தில் சாம்பல் மேடுகள். ஒற்றைப் பயிர் போர்த்திய அந்த வெற்று நிலத்தில் மனிதர் எப்படிக் குடியிருப்பது என்ற கேள்விக்கு ஒரே தோட்டம், ஒரே காலத்தில், இரண்டு விடைகளைக் கட்டியது. ஒன்று தோட்டத் துரையின் பங்களா, மற்றது தொழிலாளரின் லயம்.

இவ்விரண்டையும் செல்வத்துக்கும் வறுமைக்கும் உருவகமாக்கி முடித்துக்கொள்வது வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. லயம் மோசமாக இருந்ததற்குக் காரணம் அந்தக் காலத்தின் அறியாமை என்றோ, மலையின் குளிரும் மழையும் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை என்றோ எண்ண அந்த உருவகம் இடங்கொடுக்கிறது. தோட்டக் கட்டடங்களைச் சற்று உற்றுப் பார்த்தால் தெரிவது வேறு. இந்த மலையில் எப்படிக் குடியிருக்க வேண்டும் என்பது தோட்டக்காரருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த அறிவை யாருக்குச் செலவழிப்பது, யாருக்கு மறுப்பது என்பதுதான் தீர்மானிக்கப்பட்டது.

முதலில் பங்களாவுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அது நல்ல கட்டடம். வங்காளத்துக் குடிசையின் பெயரை எடுத்துக்கொண்டு, இந்தியச் சமவெளியின் வராந்தாவைச் சுமந்துகொண்டு மலையேறிய அது, நாலாயிரம் அடிக்கு மேல் வந்ததும் தன்னை மாற்றிக்கொண்டது. வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை திம்புள்ளச் சரிவில் மோதும்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம். மண்ணின் ஈரம் ஏறாதபடி பலகைத் தரையை நிலத்திலிருந்து உயர்த்தி, அடியில் காற்றோட விட்டது. தகரக் கூரைக்குக் கீழே பலகையால் உட்கூரை அடித்ததால் இரவுக் குளிரில் தகரம் வேர்த்துச் சொட்டினாலும் கட்டில் நனையவில்லை. கூடத்திலும் படுக்கையறைகளிலும் கணப்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் கல்லால் புகைபோக்கி எழுப்பியது. சமையலறையைப் பின்னால் தள்ளி, கூரைபோட்ட நடைவழியால் இணைத்தது. சமையற்கார அப்புவின் அடுப்புப் புகை துரைசாணியின் திரைச்சீலையைத் தொடவில்லை. இடம் தேர்ந்ததில்தான் உண்மையான கைத்திறன். நேர்காற்று அடிக்காத, ஆனால் மூன்று பக்கமும் பார்வை ஓடும் மலைத்தோளைப் பார்த்துப் பங்களாவை வைத்தார்கள். முன்னால் புல்வெளி, அதற்கப்பால் எதுவும் கண்ணை மறிக்காதபடி சரிவு. பளிங்கும் பொன்னுமாக எதையும் இறைக்கவில்லை. வெளிச்சம், உலர்ந்த தரை, தொலைதூரம், தனிமை ஆகியவைதான் அங்கே ஆடம்பரம். இன்றைய பாலைநில மாளிகை விற்பதும் இதே நான்கைத்தான்.

இதில் அறிவு எங்கே இருக்கிறது, வெறும் ஊர்நினைவுதானே என்று ஒருவர் மறுக்கலாம். ஹோலிரூட், லாங்டேல், டில்லிகூல்ட்ரி, எல்ஜின் என்று ஸ்கொட்லாந்தையும் இங்கிலாந்தையும் தோட்டப் பெயர்ப்பலகைகளில் எழுதிவைத்தவர்கள் தம் ஊர் வீட்டைத்தான் இங்கே திரும்பக் கட்டினார்கள், அது இந்த மலைக்குப் பொருந்தியது தற்செயல் என்பது வாதம். ஹப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகையைப் பார்த்தால் அந்த வாதம் சரியென்றே படும். கென்ட் நாட்டுப்புறத்து டியூடர் மாளிகையைக் கல் கல்லாக நினைவூட்டும் அதில் ஊவா மலைக்காக யோசித்தது குறைவு. ஆனால் அடிஷாம் விதிவிலக்கு. சாதாரணத் தோட்டத்துப் பங்களா கலப்பு வீடு: வராந்தா வங்காளத்தது, கணப்பு ஸ்கொட்லாந்தினது, தகரம் கப்பலில் வந்தது, கல்லும் மரமும் காலடியில் கிடைத்தவை. பல இடத்துப் பழக்கங்களில் எது இங்கே உதவும் என்று பொறுக்கி எடுத்துப் பொருத்துவது ஊர்நினைவால் மட்டும் ஆகிற காரியமில்லை. அதற்குப் பல மழைக்காலங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி லயம். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா. அப்படிப் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில். இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை, மொத்தம் 24 வரைகூடப் போகும். இரட்டை லயத்தில் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர்; ஆகவே பின்கதவும் இல்லை, சன்னலும் இல்லை, குறுக்கே காற்றோட வழியும் இல்லை. முன்னால் இஸ்தோப்பு என்ற வராந்தா. சமையல் காம்பராவுக்குள்ளே, இல்லையேல் இஸ்தோப்பில் மறைப்புக் கட்டி. கவ்வாத்து வெட்டிய ஈர விறகு எரியும், புகைபோக்கி கிடையாது, புகை தகரத்தைத் தேடி ஏறிச் சுவரைக் கறுப்பாக்கிக் கண்ணுக்கே திரும்பி வரும். தண்ணீருக்குப் பீலிக்கரை. நீளக் கூரை முழுதும் ஒன்றாகையால், ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுதும் போகும். இடம் தேர்ந்ததிலும் ஒரு நியதி இருந்தது, பங்களாவினுடையதற்கு நேர் எதிரானது: தேயிலை வளரக்கூடிய நிலம் வீட்டுக்கு வீணாகக் கூடாது. பள்ளமும் ஓடைக்கரையும் செங்குத்துச் சரிவும் லயத்துக்கு விழுந்தன. அதன் விலை என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது நாடே பார்த்தது.

லயத்தின் பக்கம் நின்று பேசக்கூடிய முதல் வாதம் செலவும் காலமும். கோப்பிக் காலத்துத் துரைமாரும் மரக்கட்டைக் குடிசையில்தான் தொடங்கினார்கள், எல்லாருக்கும் ஒரே கஷ்டம் என்பார்கள். முதல் பத்தாண்டுக்கு அது பொருந்தும். 1867இல் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் தன் முதல் கொழுந்தை வீட்டு வராந்தாவில்தான் கையால் உருட்டினார். தொழிற்சாலைக்கே கட்டடம் இல்லாத காலம் அது. ஆனால் தேயிலை நிலைத்து, 1885இல் ரயில் நானுஓயாவரை வந்துசேர்ந்த பிறகு பணமும் தகரமும் தாராளமாக மலையேறின. அப்போது லயமும் புதுப்பிக்கப்பட்டது. மண் சுவர் கல் சுவரானது, புல் கூரை தகரமானது, அளவு மட்டும் அப்படியே நின்றது. பணத்தை உறுதிக்குச் செலவழித்தார்கள், இடத்துக்குச் செலவழிக்கவில்லை. அதனால்தான் தற்காலிகமென்று சொல்லிக் கட்டிய காம்பராக்கள் நூறாண்டு தாண்டியும் இடியாமல் நிற்கின்றன. ஒரு புகைபோக்கிக்கு எவ்வளவு கல் வேண்டும் என்று தோட்டத்துக் கொத்தனாருக்குத் தெரியாதா? பங்களாவில் நாலைந்தைக் கட்டியவரே அவர்தானே.

அறியாமை என்ற சமாதானத்தை முற்றாக உடைக்கும் சாட்சி தோட்டத்தின் மூன்றாவது கட்டடம், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை. பறித்த கொழுந்து வாட வேண்டும். வாடக் காற்று வேண்டும். காற்று ஒரே சீராக, அளவான ஈரத்தோடு வர வேண்டும். அதற்காகத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகள் பலகைத் தளமாகக் கட்டப்பட்டன. நான்கு பக்கமும் வரிசை வரிசையாகச் சன்னல்கள். மழை நாளில் ஈரக்காற்றை அடைத்து, உலர்த்தியின் சூட்டை மின்விசிறியால் மேலே இழுத்துவிடும் ஏற்பாடு. எந்தச் சன்னலை எப்போது திறப்பது என்று டீமேக்கருக்குப் பாடம். கந்தப்பளையில் 1996இல் ஹோட்டலாக மாறிய ஹெதர்செட் தொழிற்சாலையைப் பார்த்தவர்கள் அந்தச் சன்னல் வரிசையை மறக்கமாட்டார்கள். உல்லாசப் பயணி இன்று கொழுந்து வாடிய இடத்தில்தான் உறங்குகிறார். ஈரமும் காற்றும் ஒரு அடைப்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்த தொழில், அறிந்ததைக் கொழுந்துக்குச் செய்தது. பறித்தவளுக்குச் செய்யவில்லை. ஒரே கணக்குப் புத்தகத்தின் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதப்பட்ட செலவுகள் இவை.

இரண்டாவது வாதம் இன்னும் பிடிவாதமானது, மென்மையாகவும் பேசும். வந்தவர்கள் தென்னிந்தியக் குடிசைகளிலிருந்து வந்தார்கள், அங்கே இருந்ததைவிட லயம் மேல், அதோடு அவர்கள் ஊர் திரும்பிப் போகிறவர்கள் என்பது துரைமார் தரப்பு நெடுங்காலம் சொல்லிவந்த பேச்சு. குடிசையை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதில்தான் பிழை. திருச்சி, புதுக்கோட்டை, சேலத்துப் புஞ்சைக்காட்டில் குடிசை என்பது வாழ்க்கையின் ஒரு மூலைதான். சமையல் வெளியில், உறக்கம் வாசலில், பேச்சு மரத்தடியில், தானியத்துக்கும் மழை நாளுக்கும் மட்டும் கூரை. அந்த வெயிலுக்கு அது பொருந்திய வீடு. அதே அளவைத் தூக்கி லிந்துலையில் வைத்தால், மழையும் குளிரும் சமையலையும் உறக்கத்தையும் பிரசவத்தையும் நோயையும் ஒரே 120 சதுர அடிக்குள் துரத்திவிடுகின்றன. சமவெளியில் வாசலாக இருந்ததை மலை பறித்துக்கொள்கிறது. பங்களாவுக்கு மட்டும் உயரத்துக்கு ஏற்ற திருத்தம், லயத்துக்கு ஏன் இல்லை? திரும்பிப் போகிறவர் என்ற பேச்சுக்கு விடை இன்னும் எளிது. திரும்பிப் போனவர் துரைதான். சில ஆண்டு பார்த்து, ஓய்வு பெற்று, கப்பலேறினார். போவார் என்று எதிர்பார்க்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே காம்பராவில் இருக்கிறார்கள். நிலைத்தவருக்குத் தற்காலிக வீடு, தற்காலிகமானவருக்கு நிலைத்த வீடு.

சட்டம் தலையிட்டபோதும் காம்பராவின் வரைபடத்தைத் தொடாமல் சுற்றி வந்தது. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டமும், 1912இல் அதைப் புதுப்பித்தும் தொழிலாளர் நோய்களைக் குறித்தும் வந்த சட்டங்களும், 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பும் மலசலகூடத்தையும் கிணற்றையும் மருந்தையும் கொண்டுவந்தன. உயிர்கள் பிழைத்தன, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அக்கறை வேலை செய்யும் உடம்போடு நின்றது. லயத்தின் இன்னொரு பண்பு அப்படியே தொடர்ந்தது: காம்பரா வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் காம்பராவும் போகும். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை தன் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர் வைத்தார். கூரைக்குக் கீழே இருந்துகொண்டே வீடற்றிருப்பது எப்படி என்பது தோட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த வீடின்மையை நாடின்மையாக நீட்டியது.

லயம் கூட்டு வாழ்வைக் கொடுத்தது, தனி வீடு அதைக் குலைக்கும் என்று சிலர் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நீண்ட இஸ்தோப்பில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், இழவும் கல்யாணமும் பன்னிரண்டு காம்பராவுக்கும் பொதுவாக நடந்தன, ஒரு வீட்டு அரிசி இன்னொரு வீட்டுப் பானையில் வெந்தது. ஆனால் அது குடியிருந்தவர்களின் சாதனை. அதைச் சுவரின் பெயரில் எழுதுவது, சிறையில் நட்பு வளர்ந்ததென்று சிறையைப் பாராட்டுவது போலாகும். இஸ்தோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாமே என்று கேட்டால் அதற்கு விடை சொல்லியிருக்க வேண்டியவர்கள் கட்டடக்கலைஞர்கள். நாட்டில் அவர்கள் இல்லாமலில்லை. கண்டியின் மினெட் டி சில்வா 1958இல் வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்கான குடியிருப்பை வரைந்தபோது, குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வழிபடுகிறீர்கள், எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டு, பல மாதிரி வீடுகளைச் சரிவோடு சரிவாக அமைத்தார். மலைநாட்டில், சாதாரணச் சம்பளக்காரர்களுக்காக, கிட்டத்தட்ட எழுபது ஆண்டுக்கு முன்னால். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மஸ்கெலியா அப்கொட்டில் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்துக்கு ஜெஃப்ரி பாவா வரைந்ததும் ஒரு பங்களாதான்.

கேட்டுக் கட்டினாலும் மக்கள் ஏற்பார்கள் என்று என்ன நிச்சயம் என்பது கடைசி எதிர்வாதம். எகிப்தியப் பாலையில் ஹஸன் ஃபாத்தி 1945க்கும் 1948க்கும் இடையில் பச்சைச் செங்கல்லால், குவிமாடங்களோடு, ஏழைகளுக்காகப் புது கூர்னாவைக் கட்டினார். வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு அரிது. ஆனாலும் பழைய கூர்னாவிலிருந்து பெரும்பாலோர் அங்கே குடிபோகவில்லை. அவர்களைப் பெயர்க்க நினைத்தது அரசு. பிழைப்பு பழைய ஊரில், புராதனக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தோல்வி சொல்வது வீட்டின் குறையை அல்ல. நிலத்தின் மீதுள்ள உரிமையும் பிழைப்பும் வரைபடத்துக்கு முன்னால் வருகின்றன என்பதை. தோட்டத்தில் இந்த வரிசை எப்போதும் தலைகீழ். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் முகாமைக்குப் போனபோதும் காம்பராவின் காணி குடியிருப்பவர் பெயருக்கு வரவில்லை.

இப்போது வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்பது இந்திய வீடமைப்புத் திட்டத்தின் அளவு. முதலில் 4,000 வீடுகள், 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னும் 10,000. பத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இங்கே வந்தது பெரிய தாவல். உறுதிப்பத்திரம் அதைவிடப் பெரியது. ஆனால் லிந்துலைக்கும் பதுளைக்கும் இரத்தினபுரிக்கும் ஒரே அளவை, ஏறக்குறைய ஒரே அமைப்பை வைப்பது பழைய பழக்கத்தின் மிச்சம். ஆயிரம் அடியில் வேர்க்கும் வீடும் ஐயாயிரம் அடியில் நடுங்கும் வீடும் ஒன்றாக இருக்க முடியாது. பங்களாவோ இதற்குள் வேறு திசையில் போய்விட்டது. 2005 முதல் பொகவந்தலாவைப் பக்கத்தில் 1888இல் கட்டிய டியென்சின் முதலான பழைய பங்களாக்கள் உயர்விலை விடுதிகளாக, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று, கணப்பையும் மழையையும் தொலைவையும் விற்கின்றன. விற்பதில் குற்றமில்லை, கட்டடங்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆனால் அங்கே படுக்கையில் தேநீர் குடித்தபடி விருந்தினர் பார்க்கும் காட்சியில் தகரக் கூரை வரிசையும் இருக்கிறது.

அடுத்த வீடமைப்புத் திட்டத்துக்கு வரைபடம் போட வருபவர்களிடம் ஒரு கோரிக்கை. கொழும்பிலிருந்து கிளம்பும்போது அளவு நாடாவை மறக்காதீர்கள். ஆனி மாதத்து இரவொன்றில் நாகசேனையிலோ தங்கக்கலையிலோ ஒரு காம்பராவில், அடுப்பு எரியும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். விடிந்ததும் பங்களாவுக்கு ஏறிப்போய், அதன் புகைபோக்கியையும் தரைக்கடியில் விட்ட இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.